எந்தப் பழனிச்சாமி?

பழனி மலை அடிவாரத்தில் நின்று "பழனிச்சாமி" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என் வகுப்பிலேயே மூன்று பேர். அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றே. வாத்தியார் ஒருவனை ஆயக்குடியான் என்றார், இன்னொருவனை நெய்க்காரப்பட்டியான். மூன்றாமவன் நான். எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

பிறகு புரோகிராம் எழுதிப் பிழைக்கப் போன இடத்திலும் இதே சிக்கல். இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒன்றையொன்று கேட்காமலே, வெவ்வேறு பதிவுகளுக்கு ஒரே எண்ணைக் கொடுத்துவிடக் கூடாது. 1980களில் அமெரிக்காவின் அப்பல்லோ கம்ப்யூட்டர் நிறுவனம் தொடங்கிவைத்த வழியிலிருந்து வளர்ந்ததுதான் யூயூஐடி என்கிற 128 பிட் எண். அதன் முதல் வகை எங்கள் வாத்தியார் வழிதான். நெட்வொர்க் கார்டின் 48 பிட் முகவரி, ஊர்ப்பெயர் மாதிரி. கூடவே பிறந்த நேரம், 100 நானோ நொடிக் கணக்கில். அந்தக் கணக்கு தொடங்குவது 1582 அக்டோபர் 15-இல், போப் கிரிகோரியின் நாள்காட்டி நடப்புக்கு வந்த அன்று. பஞ்சாங்கக்காரர்கள் ரசிப்பார்கள்.

ஊரைச் சொன்னால் ஆளும் மாட்டிக்கொள்வான். 1999-இல் மெலிசா வைரஸை எழுதியவரைத் தேடியபோது, வேர்டு கோப்புக்குள் கிடந்த இப்படியொரு எண்ணும் துப்பு கொடுத்தது. நமக்கு இது புதிதா என்ன? பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டமும் ஆளைக் காட்டிக்கொடுக்கிற சமாசாரம்தான். அதை விட்டுவிடச் சொல்லி 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. எங்கள் வீட்டில் பட்டம் தாத்தாவோடு நின்றது. என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மட்டும்.

நான்காம் வகை எண்ணில் ஊரும் இல்லை, நேரமும் இல்லை. 128 பிட்டில் 122 குருட்டுச் சீட்டு. அவற்றில் ஏதோ இரண்டு மோதுவதற்குச் சரிபாதி வாய்ப்பு வரவே சுமார் 27,000 கோடி கோடி எண்கள் போட்டாக வேண்டும். 2004-இல் ஜாவா 5, 2006-இல் பைத்தான் 2.5 வந்தபோது இது ஒரே வரி வேலையாகிவிட்டது. ஐந்தாம் வகை பெயரிலிருந்தே எண்ணைப் பிழிந்தெடுக்கும்: பெயர் ஒன்றென்றால் எண்ணும் ஒன்று. பழனிக்கு அது ஆகாது.

குருட்டுச் சீட்டிலும் ஒரு தொல்லை உண்டு. புதுப் பதிவுகள் அட்டவணையின் மூலைக்கொன்றாகச் சிதறி, டேட்டாபேஸ் திணறும். அதனால் 2024 மே மாதம் வெளியான தரவரையறை ஏழாம் வகையைச் சேர்த்தது. முதல் 48 பிட்டில் மில்லி நொடிக் கணக்கில் நேரம், மிச்சம் பெரும்பாலும் சீட்டுக் குலுக்கல். நேரம் திரும்பி வந்துவிட்டது. ஊர் வரவில்லை.