முடிச்சாயமும் தொழிலாளர் நலமும்

நரையை மறைக்கும் விருப்பம் மக்கட்குப் பழமையானது. முன்னாளில் மருதோன்றியும் அவுரியும் அதற்கு உதவின. 1856-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வில்லியம் பெர்க்கின் என்னும் இளைஞர், நிலக்கரித் தாரினின்று கிடைக்கும் அனிலீனைக் கொண்டு ஊதாச் சாயம் கண்டார். அதன்பின் அவ்வழியே சாயங்கள் பல தோன்றின. அவ்வினத்தைச் சார்ந்த பாரா-பினிலீன்டையமின் என்னும் பொருள் முடிக்கு நிலைத்த கருமை தருவதாயிற்று. 1909-ஆம் ஆண்டில் யூஜீன் ஷுல்லர் என்னும் வேதிநூல் வல்லார் பிரான்ஸ் தேயத்தில் முடிச்சாயத்துக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். நாளடைவில் அழகு நிலையங்களில் இச்சாயம் நீங்கா இடம் பெற்றது.

இஃது ஒவ்வாதார்க்குக் கேடு செய்வதும் வெளிப்பட்டது. 1933-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இவ்வினச் சாயத்தை இமைக்குத் தீட்டிக்கொண்ட பெண்மணி ஒருவர் கண்பார்வை இழந்தார். இத்தகைய துன்பங்கள், 1938-ஆம் ஆண்டில் அந்நாட்டில் உணவு, மருந்து, ஒப்பனைப் பொருள்கள் பற்றிய சட்டம் பிறத்தற்கு ஒரு காரணமாயின. எனினும் அச்சட்டம் தார்ச்சாயங்களை விலக்கவில்லை. முதலில் சிறிது தோலில் இட்டுப் பார்க்க வேண்டும் என்றும், இமை புருவங்களுக்கு இட்டால் குருடாக்கக்கூடும் என்றும் எச்சரிக்கை அச்சிட்டிருப்பின் போதும் என விடுத்தது.

ஈண்டு நாம் ஒன்று நோக்கல் வேண்டும். அவ்வெச்சரிக்கை சாயம் இட்டுக்கொள்பவர்பொருட்டு எழுந்ததேயன்றி, இடுபவர்பொருட்டு எழுந்ததன்று. முன்னவர் திங்களுக்கொருமுறை வந்து செல்வர். பின்னவரோ நாள்தோறும் பல தலைகளுக்குச் சாயம் குழைத்துப் பூசிக் கழுவி, அதன் நெடியையும் உயிர்க்கின்றனர்.

1975-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் புரூஸ் ஏம்ஸ் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் இவ்வகைச் சாயங்கள் 169-ஐ நுண்ணுயிர்களில் இட்டு ஆராய்ந்தனர். அவற்றுள் 150 சாயங்கள் மரபணுவைத் திரித்தன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் இரு முடிபுகளை வெளியிட்டது. முடிச்சாயத்தைத் தமக்கு இட்டுக்கொள்வோர்க்குப் புற்றுநோய் வருமெனக் கூறப் போதிய சான்றில்லை என்பது ஒன்று. முடியலங்காரத் தொழில் செய்வோர்க்கு அத்தொழிலால் அந்நோய் வரக்கூடும் என்பது மற்றொன்று. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த நூலிலும் இவ்விரண்டும் உறுதிப்பட்டன. சிறுநீர்ப்பைப் புற்றுநோயே அதற்குச் சிறப்பாகக் காட்டப்பட்ட சான்று. ஒரே சாயம் இருவர்க்கு இருவேறு பயன் தருதல் காண்மின்!

2012-ஆம் ஆண்டில் ஐரோப்பிய முடியலங்காரத் தொழிலாளரும் முதலாளிகளும் கூடி, கையுறை, காற்றோட்டம், ஈரவேலையை மாறிமாறிச் செய்தல் முதலியன பற்றி உடன்பாடு செய்தனர். 2013-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் அதனைச் சட்டமாக்க முன்வரவில்லை.

அன்பர்களே! நம் குடும்பங்களிலும் இத்தொழில் பயிலும் இளைஞரும் நங்கையரும் உளர். கத்தரி பிடிக்கக் கற்பிக்குமுன் கையுறை அணியக் கற்பிப்போமாக. கடை வைத்திருப்போர் சாளரத்தைத் திறந்து வைக்க. கை சிவந்து தினவெடுக்கும் பிள்ளையை வேலைக்குச் சோம்புகின்றான் எனக் கடியாது மருத்துவரிடம் அனுப்புக. சட்டம் வரும்வரை காத்திராது நாம் செய்யத்தக்கவை இவை.