தேன்பெட்டி வந்த வழி

இங்கே மஸ்கட்டில் இலந்தை மரத்துத் தேன் விலை கேட்டால் மயக்கம் வரும். போன வாரம் நம்ம ஊர் நண்பர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தேன் பாட்டிலைக் குப்பையில் போட எடுத்து வைத்திருந்தார். "சீனிப்பாகு கலந்து ஏமாத்திட்டாங்க சார், அடியில பாருங்க, உறைஞ்சு கிடக்கு" என்றார். நான் வாங்கி வந்துவிட்டேன். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். உறைந்ததை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். நீங்களும் எறிந்துவிடாதீர்கள் :)

அந்த பாட்டிலுக்குப் பின்னால் ஏறக்குறைய நூறு வருடக் கதை உண்டு.

எனக்குச் சொந்த ஊர் கோட்டுகால். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் அப்பாவுக்குத் தேன்பெட்டி வேண்டுமென்றால் பாறசாலை, களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்துக்குத்தான் பஸ் ஏறுவார். ஏன் மார்த்தாண்டம்? சின்ன வயதில் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

1920களில், திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில், ஒய்.எம்.சி.ஏ. அங்கே ஒரு கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கியது. கிராமத்துக்குப் போக வேண்டும் என்று அந்த அமைப்பைத் திருப்பியவர் சேலத்துக்காரரான கே.டி. பால். மார்த்தாண்டத்தில் வேலையை நடத்தியவர் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹாட்ச். அவர் 1932ல் எழுதிய புத்தகம் வெளிநாடுகளிலும் படிக்கப்பட்டது, பிறகு மெக்சிகோ வரை போய் இதே வேலையைச் செய்தார். இந்திய அரசின் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1952 அக்டோபர் 2ல். மார்த்தாண்டம் அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் மேல் மூத்தது.

ஹாட்ச் இலவசமாக எதையும் அள்ளிக் கொடுக்கவில்லை. செய்து காட்டுவது, செய்ய வைப்பது, பக்கத்தில் நின்று திருத்துவது, அவ்வளவுதான். லெகான் கோழி வந்தது, முட்டையைத் தரம் பிரித்து விற்க ஒரு சங்கம் வந்தது. தேனீயும் அப்படித்தான். அதற்கு முன்னால் தேன் என்றால் மரப்பொந்தில் புகை போட்டு, அடையைப் பிழிந்து எடுப்பது. அதில் புழுவும் சாகும், கூடும் அழியும். திருச்சிப் பக்கம் நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டுத் தேனீயின் அளவுக்கு ஏற்ற சட்டப் பெட்டியை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். பெட்டி இருந்தால் சட்டத்தைத் தூக்கி, மெஷினில் சுற்றித் தேனை மட்டும் எடுத்துவிட்டு அடையைத் திரும்ப வைத்துவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், தேனீக்குப் பட்டா வேண்டாம். பத்து சென்ட் விளை உள்ளவனும் பத்து பெட்டி வைக்கலாம், தேனீ அடுத்தவன் தோப்பில் மேய்ந்துகொள்ளும். (பேங்க்காரன் கண்ணுக்கு இதுவே தலைவலி. பறந்து போகிற சொத்தை எப்படி ஈடு எழுதுவது?) கூடவே விற்பதற்குக் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. அது இல்லாவிட்டால் பெட்டி வெறும் காட்சிப் பொருளாகவே நின்றிருக்கும் என்பது என் கட்சி.

அப்புறம் ஒய்.எம்.சி.ஏ. நினைத்தே பார்க்காத ஒன்று நடந்தது. 1947 சட்டத்தின் கீழ் வந்த ரப்பர் போர்டு, மானியமும் நல்ல கன்றும் கொடுத்துச் சின்ன விவசாயிகளை ரப்பருக்குக் கொண்டுவந்தது. குலசேகரம், வெள்ளறடை பக்கமெல்லாம் ரப்பர் ஆனது. ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இலையுதிர்ந்து புதுத் தளிர் வரும்போது, மூன்று இலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு கசியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடை. இரண்டு திட்டங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, அந்தக் காம்பு நுனியில் சந்தித்துக்கொண்டன. அப்பாவும் மார்கழி முடிவில் பெட்டிகளை டெம்போவில் ஏற்றிக் கிழக்கே கொண்டு போவார். ஒரே மரத்தை நம்பியதன் விலையும் இருந்தது. மழைக்காலத்தில் மேய ஒன்றும் கிடையாது, சீனிப்பாகு வைத்துத்தான் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும்.

1991-92ல் தாய் சாக்ப்ரூட் என்ற வைரஸ் நோய் வந்தது. அறைக்குள் புழு தண்ணீர்ப் பை போலச் செத்து நிற்கும். மருந்து இல்லை. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் இருபத்தியிரண்டு பெட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெட்டிக்காக வாங்கிய கடன் மட்டும் சாகவில்லை. அம்மா காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார், அப்பா தடுக்கவில்லை.

திரும்ப எழுந்தவர்கள் யார் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். கூட்டத்தை விலைக்கு வாங்கி மட்டுமே பழகியவர்கள் பெரும்பாலும் தொழிலை விட்டார்கள். நோய்க்குத் தப்பிய ஒன்றிரண்டு கூட்டத்தைத் தேடிப் பிடித்து, பிரித்து, ராணி வளர்த்துப் பெருக்கத் தெரிந்தவர்கள் மீண்டார்கள். அந்தக் கைப்பழக்கம் சர்க்கார் சுற்றறிக்கையில் வந்ததல்ல, மார்த்தாண்டம் பக்கம் தகப்பன், மாமன் வழியாக இறங்கி வந்தது.

சில வருடம் கழித்து அப்பா மறுபடி பஸ் ஏறினார். இரண்டு பெட்டி வாங்கி வந்தார். இந்த முறை கூட்டம் பிரிப்பது எப்படி என்று அங்கே ஒரு பெரியவரிடம் நான்கு நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தார்.