முடிவுறா ஒன்பதுகள்

0.999… என்று ஒன்பது ஓயாமல் நீளும் சுழல் தசமம், 1 என்ற முழு எண்ணேதான். 1-க்குப் பக்கத்தில் நிற்கும் வேறோர் எண் அல்ல, அதே எண்ணை எழுதும் இன்னொரு முறை. பள்ளியில் சுழல் தசமத்தைப் பின்னமாக்கும் வழியே இதைக் காட்டிவிடும்: x = 0.999… என்றால் 10x = 9.999…; கழித்தால் 9x = 9, x = 1. ஆனாலும் ‘எங்கேயோ துளி குறைகிறதே’ என்ற உறுத்தல் மாணவர்களுக்குப் போவதில்லை. மதிக்க வேண்டிய உறுத்தல் அது.

கேரளத்துத் திருக்கண்டியூரைச் சேர்ந்த கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜிக்கும் (பிறப்பு 1444) இதே கேள்வி எழுந்தது. ஆரியபடீயத்துக்கு அவர் எழுதிய உரையில், வட்ட வில்லின் நீளத்தைக் கணக்கிடும் இடத்தில் 1/4 + 1/16 + 1/64 + … என்ற தொடர் வருகிறது. இது 1/3 வரைக்கும்தான் வளரும், அதைச் சரியாக எட்டும் என்று எப்படித் தெரியும் என வினவினார்.

காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரியில் ஐந்தரை மீட்டர் பட்டை மூன்று பேர் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். நாலாக வெட்டி ஆளுக்குக் கால் கொடுத்தால் கால் மிஞ்சும். அதையும் நாலாக்கி ஆளுக்கு மாகாணி, மாகாணி மிஞ்சும். நாலாவது சுற்றில் கையில் இருப்பது இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், ஐந்தாவதில் அரை சென்டிமீட்டர். ஒவ்வொருவருக்கும் வரவேண்டிய பாக்கி எப்போதும் கடைசியாகப் பெற்ற துண்டில் மூன்றில் ஒன்று. நீலகண்டர் கண்ட விடையின் உயிர்நாடி இதுதான். 0.999…-இலும் அப்படியே: 1-க்குக் குறைவது கடைசியாகச் சேர்த்ததில் ஒன்பதில் ஒன்று. எவ்வளவு மெல்லிய நூலிழையைச் சொன்னாலும், பாக்கி அதற்கும் கீழே இறங்கும் கட்டம் வந்தே தீரும். இரண்டும் வெவ்வேறு எண்கள் என்றால் நடுவே இடைவெளி வேண்டும். இங்கே அது இல்லை.

ஆய்லர் 1770-இல் வெளியிட்ட இயற்கணித நூலில் 9.999… = 10 என்று காட்டினார். முடிவில்லாக் கூட்டலின் மதிப்பு என்பது அதன் எல்லையே என்ற வரையறையை 1821-இல் கோஷி உறுதியாக நிறுவினார்.

திண்ணைப் பள்ளி எண்சுவடியின் பின்னங்களில் முந்திரி 1/320, கீழ்முந்திரி 1/102400. இரண்டின் கீழெண்ணிலும் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லை, பத்திலும் அப்படித்தான். அதனால்தான் மூன்றில் ஒன்று முந்திரிக் கணக்கிலும் அடங்காது, தசமத்தில் 0.333… என்று ஓடும். மும்மடங்காக்கினால் 0.999….

இந்த இரட்டை வடிவம் 1-க்கு மட்டும் உரியதல்ல. 2.5-ஐ 2.4999… என்றும் எழுதலாம். சுழியம் நீங்கலாக, முடிவுறு தசமம் ஒவ்வொன்றுக்கும் இப்படி இன்னொரு வடிவம் உண்டு, 1/3-க்கு 0.333… ஒன்றே.