விதைவழி வந்த அரும்பழங்கள்

ஆனி, ஆடித் திங்களில் வெள்ளவத்தைச் சந்தைக்குச் செல்வோர் மங்குஸ்தானும் றம்புட்டானும் குவிந்திருக்கக் காண்பர். இவை நம் நாட்டுப் பழங்களே என எண்ணுதல் இயல்பு. ஆயின் இவற்றின் பெயர்கள் மலாய் மொழியிலிருந்து வந்தவை. 'றம்புட்' என்பது அம்மொழியில் மயிரைக் குறிக்கும். மலாய் நாட்டிலும் அதனையடுத்த தீவுகளிலும் தோன்றிய இம்மரங்கள் நம் முற்றங்களை அடைந்த வரலாறு, இன்று நாம் ஆற்றவேண்டிய கடமையொன்றையும் உணர்த்துகின்றது.

விதைகள் இருவகைப்படும். கொய்யா, அன்னமுன்னா முதலியவற்றின் விதைகள் உலர்ந்தும் உயிர் குன்றாதவை. அமெரிக்காவிற் பிறந்த இம்மரங்கள் போர்த்துக்கேயர் காலத்துப் பாய்க்கப்பல்களிற் பல திங்கள் கடந்து கீழைநாடுகளிற் பரவியமைக்கு இவ்வியல்பு துணைசெய்தது. மங்குஸ்தான், றம்புட்டான், தூரியன் ஆகியவற்றின் விதைகளோ உலர்ந்தால் மாய்வன. சதையினின்று பிரித்த சில நாள்களுள் அவற்றை ஊன்றுதல் வேண்டும். இவ்விருவகையையும் பெயரிட்டு வேறுபடுத்தியவர் றொபேட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், ஆண்டு 1973.

இத்தகைய அரும் பயிர்களைப் பேணுதற்குத் தாவரப் பூங்காக்கள் எழுந்தன. சேர் யோசேப்பு பாங்சின் அறிவுரைப்படி 1810இல் கொழும்புக் கொம்பனித்தெருவில் 'கியூ' என்னும் பெயரால் ஒரு பூங்கா அமைந்தது. அப்பெயரை அங்குள்ள கியூ வீதி இன்றும் தாங்கி நிற்கின்றது. 1813இல் அது களுத்துறைக்கும், 1821இல் அலெக்சாந்தர் மூன் பொறுப்பிற் பேராதனைக்கும் பெயர்ந்தது. இலங்கைத் தாவரங்களின் பட்டியலொன்றை மூன் 1824இல் வெளியிட்டார்.

காத்திராத விதைகளைத் தொலைதூரம் கொண்டுசெல்லல் எத்துணை அரிது என்பதற்கு, பழமரம் அன்றெனினும் இதே இயல்புடைய இறப்பர் சான்றாகும். 1876இல் விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூப் பூங்காவுக்குக் கொணர்ந்த ஏறத்தாழ 70,000 விதைகளுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. அந்நாற்றுகளுள் 1,919, 38 கண்ணாடிப் பேழைகளில் இலங்கைக்கு அனுப்பப்பெற்றன. மூடிய கண்ணாடிக் கலத்துள் செடி தன் ஈரத்தைத் தானே மீளப்பெற்று வாழும் என்பதை வோட் என்னும் இலண்டன் மருத்துவர் 1829இல் அறிந்தமையே இதற்கு வழிவகுத்தது.

இன்று விமானம் உண்டு, குளிர்சாதனமும் உண்டு. பேராதனையை அடுத்த கன்னொறுவை மரபுவள நிலையத்தில் நெல் முதலியவற்றின் விதைகள் உறைகுளிரிற் காக்கப்படுகின்றன. ஆயின் மங்குஸ்தான் விதையை அவ்வாறு உலர்த்தி உறையவைத்தல் இயலாது. அதற்கு நிற்கும் மரமே ஏடு. ஏடு செல்லரிக்குமுன் படியெடுத்தல் வேண்டும் என்பது தமிழர் அறியாததன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடித் தொகுத்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். மரங்களிலும் படியெடுப்போர் இருவகையினர். மங்குஸ்தான் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாவதால் தாயையே ஒக்கும். பிழையின்றி எழுதும் எழுத்தாளனைப் போன்றது. றம்புட்டான் விதையோ பாடபேதம் மிக்கது. கனி வேறுபடலாம், காயா ஆண்மரமாகவும் அமையலாம். ஆதலின் நல்ல றம்புட்டானை ஒட்டுமுறையாற் பெருக்குதலே தக்கது.

யான் வாழும் வெள்ளவத்தை ஒழுங்கையில் முதிய மங்குஸ்தான் மரமொன்று நின்றது. மாடிக்குடியிருப்பு எழுவதற்காக அது வெட்டப்பட்டது. அதன் இறுதிக் கனிகளை யானும் உண்டேன். விதைகளைக் குப்பையில் எறிந்தேன். வரலாறு கற்பிக்கும் எனக்கு அன்று அவ்வறிவு தோன்றவில்லை. மறு ஆண்டு, சந்தையில் வாங்கிய கனிகளின் விதைகளை மாணவர்களுடன் ஆழமான சாடிகளில் ஊன்றினேன். சில முளைத்தன, நிழலில் மெல்ல வளர்கின்றன. அவை காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகளேனும் செல்லும். முற்றம் இல்லாதவர் நாற்றை முற்றமுள்ளவர்க்கு அளிக்கலாம். கனியை உண்டவர் விதையை ஊன்றும் கடனும் உடையவராவர். அதற்குரிய தவணையோ சில நாள்களே.