வரம்பு கட்டிய மொழி

மொழியை வளர்ப்பதற்குப் பெருமுயற்சி வேண்டும். வளர்ந்த மொழியை ஒரு பயன் கருதிச் சுருக்கி வரம்பு கட்டுவதற்கும் அத்தகைய முயற்சியே வேண்டும். ஆங்கிலத்தில் நிகழ்ந்த அம்முயற்சியின் வரலாறு, மொழி பயிற்றுவோர் அனைவரும் அறியத்தக்கதாகும்.

1930ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஆக்டன், 850 சொற்களைக் கொண்ட ‘அடிப்படை ஆங்கிலம்’ என்பதை வெளியிட்டார். பிறநாட்டார் எளிதிற் கற்க வேண்டுமென்பது அவர் நோக்கம். 1980களில் ஐரோப்பிய வானூர்தித் துறையினர், பராமரிப்பு நூல்களுக்கென ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தனர். செய்முறை கூறும் வாக்கியம் 20 சொற்களுக்கு மேற்படலாகாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே கொள்ளவேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. பழுது பார்ப்பவர் ஒரு தொடரைப் பிறழ உணர்ந்தால், பயணிகளின் உயிருக்கே கேடு விளையுமன்றோ?

இவையெல்லாம் மனிதன் மனிதனுக்கு உணர்த்துவதற்காக எழுந்தவை. கணிப்பொறிக்கு உணர்த்துவதோ வேறு வகைச் சிக்கல். மருத்துவர் ஒருவர் தம் துறையறிவைக் கணிப்பொறியின் அறிவுக் களஞ்சியத்தில் சேர்க்க விரும்பினால், தருக்கக் குறியீடு வல்ல மற்றொருவரை நாடவேண்டியிருந்தது. அவர் எழுதியது சரிதானா என்று பார்க்கவும் மருத்துவரால் இயலவில்லை. அறிவுக்கு உரியவரே அதன் காவலராக இருக்க முடியாத நிலை அது.

இக்குறையை நீக்கும் பொருட்டு, 1995ஆம் ஆண்டில் சூரிச் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் ஃபூக்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ‘அட்டெம்ப்டோ’ என்னும் ஆங்கில வடிவத்தை உருவாக்கத் தொடங்கினர். அதில் எழுதிய வாக்கியத்தைக் கணிப்பொறி தானே தருக்க வடிவாக மாற்றிக்கொள்ளும்.

‘தாதி வெப்பமானியோடு நோயாளியைப் பார்க்கிறார்’ என்னும் கருத்தை ஆங்கிலத்தில் எழுதினால், வெப்பமானி யாரிடம் உள்ளது என்ற ஐயம் எழும். அட்டெம்ப்டோவின் விதிப்படி, அத்தொடர் ‘பார்க்கிறார்’ என்னும் வினையையே சாரும். நோயாளியிடம் உள்ளதெனின், ‘வெப்பமானியை வைத்திருக்கும் நோயாளி’ என விரித்தே எழுதவேண்டும்.

ஆங்கிலம் அறிந்தவர் எவரும் இம்மொழியைப் படித்துணரலாம். எழுதுவதற்கோ விதிகளைப் பயிலவேண்டும். எழுதுபவரின் வாக்கியத்தைக் கணிப்பொறி தான் கொண்ட பொருளில் மாற்றியுரைத்துக் காட்டும். கருதியது வேறாயின், அவர் திருத்தி எழுதுவார். மாணவன் புரிந்துகொண்டதை அவன் வாயாலேயே சொல்லக் கேட்டுத் திருத்தும் ஆசிரியரின் முறையும் இதுவேயாம்.

எளிதாகத் தோன்றும் மொழியும் பயிற்சியின்றிக் கைவராது. அப்பயிற்சியை மேற்கொள்பவரே, தம் அறிவு பிறழாமல் பதிவாகியுள்ளதைத் தாமே உறுதிசெய்ய வல்லவராவர்.