கொல்லிமலைக் காய்ச்சலும் குழந்தைகளின் எதிர்ப்புச் சக்தியும்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. ஆப்பிரிக்காவில் காய்ச்சலே இல்லாத குழந்தைக்கும் மழைக்காலத்தில் மாதா மாதம் மலேரியா மாத்திரை கொடுக்கிறார்களாமே, அப்படிக் கொடுத்தால் இயற்கையாக வரவேண்டிய எதிர்ப்புச் சக்தி வராமல் போகாதா என்று ஒரு மருமகப்பிள்ளை கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பெரிய பெரிய டாக்டர்களே பல காலம் மோதிப் பார்த்த கேள்வி. குழுவில் இரண்டு வரியில் பதில் போட மனசு வரவில்லை.

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எங்கள் பாட்டி காலத்தில் சேந்தமங்கலம் பக்கத்து வியாபாரிகள் கொல்லிமலைக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்களாம். தங்கினால் முறைக்காய்ச்சல் பிடிக்கும், அப்புறம் கொய்னாவைக் கசக்கக் கசக்க விழுங்க வேண்டும். மலையிலேயே இருக்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று கேட்டால், "அவங்களுக்குப் பழகின உடம்புடா" என்பார் பாட்டி.

பாட்டி சொன்னதில் பாதி உண்மை. அந்த உடம்பு எப்படிப் பழகியது என்பதுதான் மீதி. அதை நம் நாட்டிலேயே ஒருவர் எண்ணிப் பார்த்தார். கிறிஸ்டோபர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், இன்று ஜார்க்கண்டில் இருக்கும் சிங்பூம் பகுதியில் மலேரியா ஓயாத கிராமங்களில் வயதுவாரியாக ரத்தம் எடுத்து, நுண்ணோக்கியில் கிருமிகளை எண்ணி, 1924-ல் வெளியிட்டார். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கிருமி இல்லை. சில மாதங்களில் ஏறுகிறது. சுமார் இரண்டு வயது வரை ரத்தத்தில் கிருமி கொள்ளை கொள்ளையாக இருக்கிறது. பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரியவர்களிடம் கொஞ்சமே தென்படுகிறது. கிருமி உள்ளே இருந்தும் ஆள் வேலைக்குப் போகிறார். இதுதான் பழகின உடம்பு.

ஆனால் நுண்ணோக்கிக்கு வந்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள் மட்டும்தானே! அந்த முதல் இரண்டு மூன்று வருடத்தைத் தாண்டாத பிள்ளைகள் அந்தக் கணக்கில் ஏது? இயற்கை எதிர்ப்புச் சக்தி என்று நாம் பெருமையாகச் சொல்வதன் விலை அது.

இதற்கு நேர் எதிரான கதை நம் மேட்டூரிலிருந்து கிளம்பியது. 1934-ல் அணை திறந்து, புதிய கல்லணைக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வறண்ட பட்டுக்கோட்டைப் பக்கம் போனது. தண்ணீரோடு மலேரியாவும் போனது. அங்கே யாருக்கும் பழகின உடம்பு கிடையாது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் அங்கே தங்கி ஆராய்ந்தார். நடவு முடிந்து பயிர் ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டால் அந்தக் கொசு அந்த வயலில் முட்டையிடுவதில்லை என்று கண்டார். காரணம் பயிரா, நிழலா என்று பார்க்க, தண்ணீரில் கண்ணாடிக் குச்சிகளை நட்டுவைத்துச் சோதித்தாராம். அறிவியல் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நீங்கள் இன்னும் கொஞ்சம் விழித்திருப்பீர்கள்!

1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தபோது நாட்டில் வருடத்துக்கு ஏழரைக் கோடி பேருக்குக் காய்ச்சல், 8 லட்சம் சாவு என்று கணக்கு. டிடிடி அடித்துவிட்டுச் சுவரில் தேதி எழுதிப்போவது என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது மருமகப்பிள்ளையின் கேள்வி. பயம் வீண் பயமல்ல. தான்சானியாவில் இஃபகாரா என்ற ஊரில் கைக்குழந்தைகளுக்கு வாராவாரம் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். மலேரியாவும் ரத்தசோகையும் நன்றாகக் குறைந்தன. மருந்தை நிறுத்திய பிறகு அதே பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அதிகமாகக் காய்ச்சல் வந்தது. 1997-ல் இதை ஒளிக்காமல் எழுதினார்கள். அதே ஊரில் பிறகு வேறு வழி பார்த்தார்கள். தினமும் வாரமும் வேண்டாம், தடுப்பூசிக்கு வரும் நாளில் மட்டும் ஒரு வேளை மருந்து. 2001-ல் வந்த முடிவு: முதல் வருடத்தில் மலேரியா 59 சதவீதம் குறைவு. நிறுத்திய பிறகும் காய்ச்சல் கூடவில்லை. இடையிடையே கிருமியைக் கொஞ்சம் சந்திக்கவும் முடிகிறது, அது உயிரை எடுக்கவும் விடுவதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மழைக்காலத்தில் மட்டும் மலேரியா கொட்டும் சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளுக்கு மாதாந்தர மாத்திரையை உலக சுகாதார நிறுவனம் 2012-ல் பரிந்துரைத்தது. ஐந்து வயதுக்குள் சாவு அதிகம் என்பதால்தான் அந்த வயதைக் குறிவைத்தார்கள். என் கணக்கில், பின்னால் இரண்டு காய்ச்சல் கூட வந்தாலும் பரவாயில்லை, பிள்ளை அந்த வயதைத் தாண்டட்டும்.

நம் சமவெளியில் இந்த மாத்திரைக்குத் தேவையில்லை. ஆனால் இங்கே யாருக்கும் பழகின உடம்பும் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஒடிசா, சத்தீஸ்கர், ஆப்பிரிக்கா வரை போய் போர் போடும் என் மாணவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். அங்கே போகுமுன் தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். திரும்பி வந்து சில மாதம் கழித்துக் குளிர்க்காய்ச்சல் வந்தாலும், எந்த ஊரில் இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பதினான்கு நாள் மாத்திரை எழுதித் தந்தால் நான்காம் நாள் தெம்பு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்குத்தான் மீதிப் பத்து நாள்.