வாத்துத் தெள்ளும் வயல் அரிப்பும்

பிரான்சில் ஏரியில் நீந்திவிட்டுக் கரையேறி, கை கால்களைச் சொறிந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் என்னவென்று கேட்டால், "ப்யூஸ் து கனார்" என்பார். தமிழில் சொன்னால் வாத்துத் தெள்ளு. பெயரில் உள்ள இரண்டு சொற்களில் ஒன்றுதான் சரி. வாத்துக்கும் அந்த அரிப்புக்கும் சம்பந்தம் உண்டு. தெள்ளுக்கு இல்லை.

பிரான்சில் உறவினர் இல்லாத குடும்பம் புதுச்சேரியில் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். கோடை விடுமுறையில் அங்கிருந்து தொலைபேசியில் பேசுபவர்கள், பிள்ளைகள் அன்னெசி ஏரியில் துடுப்புப் படகு விட்டார்கள், நீந்தினார்கள், இப்போது முழங்கால் வரை சிவப்புத் தடிப்பு என்று சொல்வதுண்டு. நாம் உடனே "தண்ணீர் அழுக்காக இருந்திருக்கும்" என்கிறோம். அன்னெசி விஷயத்தில் அது பொருந்தாது. 1957இல் கரையோர ஊராட்சிகள் கூடி ஓர் அமைப்பை ஏற்படுத்தி, ஏரியைச் சுற்றிலும் குழாய் பதித்து, கழிவுநீர் உள்ளே கலக்காமல் தடுத்தார்கள். ஐரோப்பாவின் மிகச் சுத்தமான ஏரிகளில் ஒன்றென்று பெயர் வாங்கிய தண்ணீர் அது. அந்தத் தண்ணீரிலும் அரிப்பு வருகிறது. தெளிந்த நீர், கரையோரம் பாசி, பாசியில் நத்தை, நீர்மேல் வாத்து. இவ்வளவும் சேர்ந்தால் போதும்.

நடப்பது இதுதான். வாத்தின் இரத்தக் குழாயில் ஒரு வகைப் புழு குடியிருக்கிறது. அதன் முட்டைகள் எச்சத்தோடு தண்ணீரில் விழுந்து பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சு ஒரு நத்தையைத் தேடி அதன் உடலுக்குள் நுழைந்து, அங்கே ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. வெயில் ஏறும் நேரத்தில், வால் நுனி இரண்டாகப் பிளந்த இளம்புழுக்கள் நத்தையை விட்டு வெளியே நீந்தி வருகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாததால் அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவை தேடுவது வாத்தின் காலை. நடுவில் மனிதன் நின்றால், தோல் என்று எண்ணித் துளைத்து உள்ளே போகின்றன. போனபின் மேலே செல்ல வழி தெரியாமல் அங்கேயே செத்துவிடுகின்றன. செத்த புழுவோடு நம் உடம்பு நடத்தும் சண்டைதான் அரிப்பு. முதல் முறை லேசாக இருக்கும். அடுத்தடுத்த முறைகளில் உடம்பு அடையாளம் கண்டுகொள்வதால் தடிப்பும் அரிப்பும் கடுமையாகும். ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கிவிடும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

இதைக் கண்டு சொன்னவர் வில்லியம் வால்டர் கோர்ட் என்ற அமெரிக்கர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் புழுக்களை ஆராய்ந்தவர். கோடையில் மிச்சிகன் மாநிலத்தில் டக்ளஸ் ஏரிக்கரையில் இருந்த உயிரியல் நிலையத்தில் வேலை செய்தார். ஏரியில் குளிப்பவர்களுக்கு வரும் அரிப்புக்குச் செடியின் நஞ்சு காரணம், பூச்சிக்கடி காரணம் என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நத்தையிலிருந்து வரும் இளம்புழுக்களைத் தோலில் படவிட்டால் அதே தடிப்பு உண்டாவதைக் காட்டி, 1928இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கோர்ட் எழுதினார். நீச்சல்காரர் அரிப்பு என்ற பெயரும் பரவியது.

அதன் பின் நடந்ததைக் கவனியுங்கள். அந்த ஏரிக்கரைகளெல்லாம் கோடை விடுமுறைத் தலங்கள். விடுதி நடத்துபவர், படகு வாடகைக்கு விடுபவர் என்று பலருக்கும் குளிக்க வருபவர்களே பிழைப்பு. அரிப்பு என்ற செய்தி பரவினால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே அரசாங்கமே இறங்கியது. மயில்துத்தத்தைக் கரைத்துக் கரையோரத் தண்ணீரில் விட்டு நத்தைகளைக் கொன்றார்கள். இது பல ஆண்டுகள் நடந்தது. பிற்காலத்தில் மயில்துத்தம் மீனுக்கும் ஏரிக்கும் கேடு என்று கண்டு, வாத்துகளைப் பிடித்துப் புழு மருந்து கொடுத்துவிடும் சோதனைகள்கூடச் செய்தார்கள்.

பொழுதுபோக்க வந்தவர்களின் ஒரு வார அரிப்புக்கு இவ்வளவு ஏற்பாடு. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் இதே அரிப்பை வருஷந்தோறும், பொழுதுபோக்காக அல்ல, வயிற்றுப்பாட்டுக்காக அனுபவித்தவர்கள் உலகில் எத்தனையோ பேர். தண்ணீர் நிற்கும் நெல்வயலில் முழங்கால் அளவு சேற்றில் நாற்று நட்டவர்கள் அவர்கள்.

ஜப்பானில் ஹிரோஷிமா பக்கத்தில் கதயாமா என்ற இடம். 1847இல் ஃபுஜி என்ற ஊர் வைத்தியர், அங்கே வயலில் இறங்குபவர்களின் காலில் தடிப்பு வருகிறது, பிறகு வயிறு வீங்கி இளைத்துச் சாகிறார்கள், மாடுகளுக்கும் அப்படியே என்று எழுதிவைத்தார். அது வாத்தின் புழு அல்ல. அதற்கு உறவான, மனிதனுக்குள்ளேயே வாழத் தெரிந்த கொடிய புழு. அந்தப் புழுவை 1904இல் கட்சுராதா கண்டார். அது தோல் வழியாக நுழைகிறது என்பது 1909இலும், நத்தையில் வளர்கிறது என்பது 1913இலும் நிரூபணமாயின. ஊர் வைத்தியர் எழுதியதற்கும் விடை கிடைத்ததற்கும் இடையே அறுபது ஆண்டுக்கு மேல்.

மலாயாவில் இன்னொரு கதை. அங்கே நெல்வயலை 'சாவா' என்பார்கள். வயலில் வேலை செய்யும் மலாய் விவசாயிகளுக்கு வரும் அரிப்புக்கு வயல் அரிப்பு என்றே பெயர். 1938இல் பக்லி என்ற ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணம் மாட்டின் இரத்தத்தில் வாழும் ஒரு புழுவின் இளம்பருவம் என்று காட்டினார். இங்கேதான் நம் நாடு வருகிறது. அந்தப் புழு முதலில் விவரிக்கப்பட்டது இந்தியாவில், 1906இல், முக்தேசுவர் கால்நடை ஆய்வுக்கூடத்தில் இருந்த மாண்ட்கோமரி என்பவரால். அதன் உறவான இன்னொரு புழு மாட்டின் மூக்கில் குடியிருந்து, மூச்சுவிடும்போது குறட்டை போன்ற சத்தத்தை உண்டாக்கும். அதைச் சென்னை மாகாண மாடுகளில் கண்டு 1930களின் தொடக்கத்தில் விவரித்தவர் அனந்தநாராயண ராவ். இரண்டு புழுக்களையும் சுமப்பது ஒரே நத்தை. தட்டையாகச் சுருண்ட, ஆட்டுக்கடாவின் கொம்பு போன்ற சிறிய நத்தை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வயல்களிலும் பார்த்திருப்பீர்கள்.

நான் ஆயுசு முழுவதும் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன். கோப்பில் ஒரு பெயர் ஏறினால்தான் விஷயம் இருப்பதாக அரசாங்கம் ஒத்துக்கொள்ளும். மாட்டுக்கு நோய் வந்தால் உழவும் பாலும் கெடும். ஆகவே அதன் புழுவுக்குப் பெயர் கிடைத்தது. விடுமுறைக்கு வந்தவனுக்கு அரிப்பு வந்தால் விடுதி காலியாகும். அதற்கும் பெயர் கிடைத்தது. நடவு நடும் பெண்ணின் கால் அரித்தால், "சேத்துத் தண்ணி ஆகலை" என்று சொல்லிவிட்டு அவள் மறுநாளும் வயலில் இறங்கினாள். பாகூர் பக்கத்தில் என் தாய்வழிப் பாட்டி வீட்டில் நடவுக் காலத்தில் பெண்கள் காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். விரல் இடுக்கில் வருவதைச் சேற்றுப்புண் என்பார்கள். கணுக்காலுக்கு மேல் வருவது வெறும் அரிப்புதான். யாரும் அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. போகாததால் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

நீச்சல்காரர் அரிப்பு அற்ப விஷயம் என்று தள்ளிவிடவும் முடியாது. கோர்சிகா தீவில், போர்த்தோ-வெக்கியோ அருகே காவு என்று ஒரு ஆறு. கோடையில் குடும்பம் குடும்பமாகக் குளிக்கும் இடம். அங்கே குளித்தவர்களுக்குச் சிறுநீரில் இரத்தம் போவது 2014இல் தெரியவந்தது. ஆப்பிரிக்காவில் பரவலாகக் காணப்படும் மனிதப் புழு அது. செனகல் நாட்டில் காணப்படும் வகையோடு ஒத்திருந்தது. நோயுள்ள யாரோ ஒருவர் அந்த ஆற்றில் இறங்கியிருக்க வேண்டும். ஏற்ற நத்தை அங்கே ஏற்கெனவே இருந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்தின் கிம்வி என்ற கிராமத்தில் இதைப்போன்ற நோய் இருந்ததை 1950களின் தொடக்கத்தில் கண்டறிந்தார்கள்.

தண்ணீரில் வேறு வகைத் தொல்லையும் உண்டு. 1950களின் தொடக்கத்தில் சுவீடனில் எரெப்ரோ நகரில் ஒரு நீச்சல் குளத்துக்கு வந்தவர்களுக்கு முழங்கையில் ஆறாத கட்டிகள் வந்தன. காசநோய்க் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கிருமி காரணம். சிராய்ப்பு வழியாக நுழைகிறது. மீன் தொட்டி கழுவுபவர்களுக்கும் வரும். அரிப்பு ஒரு வாரத்தில் போகும், இது மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே தண்ணீரில் பட்ட காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லையென்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மீன் தொட்டியையோ குளத்தையோ மறக்காமல் குறிப்பிடுங்கள்.

மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. பேரப்பிள்ளைகள் எந்த ஊர் ஏரியில் இறங்கினாலும், பாசி அடர்ந்த கரையோரத்தில் நெடுநேரம் நிற்கவேண்டாம் என்று சொல்லுங்கள். கரையேறியவுடன் ஈரம் உலரவிடாமல் துண்டால் அழுத்தித் துடைத்து, நல்ல தண்ணீரில் குளிக்கட்டும். அரித்தால் காலமைன் தடவலாம். நகத்தால் கீறிப் புண்ணாக்கிக்கொள்வதுதான் பெரிய கேடு.

இன்னொரு வேண்டுகோள். உங்களில் பலர் கிராமத்தில் பிறந்தவர்கள். நடவுக் காலத்தில் வரும் இந்தக் கால் அரிப்புக்கு உங்கள் ஊரில் தனியாக ஒரு பெயர் இருந்திருந்தால் எழுதி அனுப்புங்கள். வாத்துத் தெள்ளுக்குப் பிரெஞ்சில் பெயர் இருக்கிறது. நம் வயலில் அரித்ததற்கும் ஒரு பெயர் எங்கேயாவது எழுத்தில் நிற்கட்டும்.